ஏழு வால்வுக்கு ஒரு டெஸ்டர் தேவையா?

கேள்வி: என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் நான்கு ஈ.எல்.84 (ஸ்பீக்கரை ஓட்டுபவை), மூன்று ஈ.சி.சி.83 (சிறு சிக்னலைப் பெருக்குபவை) வால்வுகள், அதாவது வெற்றிடக் குழாய்கள், இருக்கின்றன. பழைய எமிஷன் டெஸ்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்க ஹிக்காக் நிறுவனத்தின் டெஸ்டர் அதைவிடப் பல மடங்கு விலை. எதை வாங்கலாம்?

பதில்: இந்த ஏழு வால்வுக்காக மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாம்.

வால்வுக்குள் சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழும், பிளேட் அவற்றை வாங்கும், நடுவே கம்பிவலையாக இருக்கும் கிரிட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். எமிஷன் டெஸ்டர் கிரிட்களை எல்லாம் பிளேட்டோடு சேர்த்து, வால்வை வெறும் டயோடாக்கிப் பார்க்கிறது. கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறதா என்பது தெரியும். கிரிட் அந்த ஓட்டத்தை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பது தெரியாது. ஆம்ப்ளிஃபயருக்கு அதுதானே முக்கியம்? 1950களில் அமெரிக்க மருந்துக் கடைகளில் கூட இத்தகைய டெஸ்டர்கள் நின்றன. டி.வி. வால்வு செத்ததா இல்லையா என்று பார்க்க அது போதும். ஒரே அளவு கரண்ட் எடுக்கும் இரண்டை ஜோடி சேர்க்கப் போதாது. ஷார்ட் கண்டுபிடிக்கவும் உதவும்.

ஹிக்காக் கிரிட்டுக்குச் சிறு சிக்னல் கொடுத்து மியூச்சுவல் கண்டக்டன்ஸை, அதாவது கிரிட் வோல்டேஜ் மாறினால் பிளேட் கரண்ட் எவ்வளவு மாறுகிறது என்பதை, அளக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அதன் பிளேட் வோல்டேஜ் ஏறக்குறைய 150, உங்கள் ஈ.எல்.84 ஓடுவது 300 அருகில். அங்கே தேறிய வால்வு இங்கே தடுமாறலாம். மேலும் அது 117 வோல்ட் கருவி, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பல மாடல்களில் ரெக்டிஃபயராக இருக்கும் 83 என்ற வால்வில் பாதரசம் உண்டு, உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிபரேஷன் செய்யாத ஹிக்காக்கின் முள் காட்டுவதை நம்பி வால்வைத் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரே நல்ல டெஸ்டர். ஒவ்வொரு ஈ.எல்.84-க்கும் தனி கேத்தோடு ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே வோல்டேஜை அளந்து ஓமால் வகுங்கள். 270 ஓமில் 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் என்ற இரண்டாவது கிரிட்டின் கரண்டும் இதில் சேர்ந்தது. ஜோடிக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நான் கை வைக்க மாட்டேன். இரண்டுக்கும் பொது ரெசிஸ்டர் என்றால், ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ஒன்றைத் தொடரில் சேர்த்து அளக்கலாம்.

ஈ.எல்.84-இன் கன்ட்ரோல் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் தெரிந்தால் ஸ்விட்சை அணைத்து, அந்த வால்வைக் கழற்றி, மறுபடி ஸ்விட்சைப் போட்டு அளங்கள். அப்போதும் இருந்தால் முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. மறைந்துவிட்டால் வால்வில் வாயு, அல்லது கிரிட்டே எலெக்ட்ரான் உமிழும் கிரிட் எமிஷன். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்யாமல் சேஸிஸுக்குள் கை விடாதீர்கள்.

ஈ.சி.சி.83-க்கு டெஸ்டர் இன்னும் குறைவாகவே உதவும். அதில் தொல்லை தருவது இரைச்சலும், அதிர்வு ஒலியாகக் கேட்கும் மைக்ரோஃபோனியும். சாதாரண டெஸ்டர் அவற்றைக் காட்டாது. பென்சிலால் மெல்லத் தட்டி ஸ்பீக்கரைக் கேளுங்கள், இடது வலது மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பெட்டி பெட்டியாகப் பழைய வால்வு வந்து சேர்கிறது என்றால் கதை வேறு. அப்போது ரொனால்ட் டெக்கர் வடிவமைத்த யூட்ரேசர் கிட்டைப் பாருங்கள்: மில்லி விநாடி அளவு பல்ஸில் நிஜ வோல்டேஜ் கொடுத்து, கணினியில் வால்வின் வோல்டேஜ்-கரண்ட் வளைவுகளையே வரைந்துவிடும். சால்டரிங் கை வேண்டும். ரெடிமேடாகவே வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஆவோ வி.சி.எம். டெஸ்டர், நம் மின்சாரத்துக்குப் பொருந்தும், ஐரோப்பிய சாக்கெட்டுகளும் உண்டு. டேட்டா புத்தகம் இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.