பெட்டி பழுதானது ஒரு நஷ்டம். டிஸ்க்கை அழித்தது வேறு நஷ்டம்

கேள்வி: கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் மனைவியும் ஒரு பையனும்தான் உதவிக்கு. கல்யாணப் படங்களையும் வீடியோக்களையும் சேமிக்க, இரண்டு ஹார்டு டிஸ்க் போடுகிற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றைச் சென்னைக் கடையில் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாரன்டி 2 ஆண்டு. 14ஆம் மாதம் பெட்டி திடீரென்று கம்ப்யூட்டரில் தெரியாமல் போனது. கடைக்காரர் கேட்டபடி டிஸ்க்கோடு அனுப்பினேன். போர்டை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு டிஸ்க்கும் காலி. "டெஸ்டிங்குக்காக ஃபார்மட் செய்தோம்" என்று வாட்ஸப்பில் பதில் வந்தது. "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல, நீங்கள் நுகர்வோரும் அல்ல" என்கிறார்கள். இரண்டு வீட்டார் ஆல்பம் கேட்டு நெருக்குகிறார்கள். என்ன செய்வது?

பதில்: சட்டம் அப்புறம். முதலில் அந்த டிஸ்க்குகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, தனியே எடுத்து வையுங்கள். இனி அதில் ஒரு படம்கூட ஏற்ற வேண்டாம். ஃபார்மட் செய்த டிஸ்க்கில் பழைய பதிவுகள் பெரும்பாலும் உடனே அழிந்துவிடுவதில்லை. அவற்றின் மேல் புதிதாக எழுதும்போதுதான் நிரந்தரமாகப் போகும். இதுபோன்ற பெட்டிகள் பலவும் டிஸ்க்கை லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், படிக்கத் தெரியாமல் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். விவரம் தெரியாதவர் சரி என்று அழுத்திவிடுவார். எனவே டேட்டா மீட்பு நிலையம் ஒன்றில் காட்டி, எழுத்துப்பூர்வ அறிக்கையும் பில்லும் வாங்குங்கள். படங்கள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், ஃபார்மட் செய்த தேதி அறிக்கையில் வந்தால் அது உங்களுக்கு வலுவான சான்று.

இப்போது வழக்கு. பெட்டி பழுதானது ஒன்று, பழுது பார்த்தவர் டிஸ்க்கை அழித்தது இன்னொன்று. போர்டைத்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார்களே, முதலாவதில் கேட்க அதிகம் இல்லை. உங்கள் வழக்கு இரண்டாவதில்தான் நிற்கிறது. போர்டு பழுதுக்கு டிஸ்க்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அப்படியே தொட்டாலும் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாடு. வாரன்டி அட்டையில் "டேட்டாவுக்குப் பொறுப்பல்ல" என்ற வாசகம் இருந்தால், அது கருவி தானாகக் கெட்டு டேட்டா போவதைப் பற்றியது என்று வாதிடலாம். அவர்கள் ஆளே கை வைத்து அழித்ததற்கு அது கேடயமாகாது. பழுது பார்க்கக் கொடுத்தபோது நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் ஷீட்டில் (வேலைச் சீட்டில்) "டேட்டா பேக்கப் எடுக்கப்பட்டது" என்று டிக் இருக்கிறதா என்று மட்டும் உடனே பாருங்கள். இருந்தால் வழக்கு கடினமாகும்.

அந்த வாசகத்தையே "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தாக்கத் தோன்றும். வேண்டாம். அந்தப் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது, மாநில ஆணையத்துக்குப் போகும். சேவைக் குறைபாடு என்பதோடு நில்லுங்கள்.

நீங்கள் நுகர்வோர் அல்ல என்பது தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கமாகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1995இல், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிரான லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பிழைப்புக்காக எந்திரம் வாங்கியவர் அதை இயக்க ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே. உங்கள் நிலைமை அப்படியே இதுதான். மனுவின் முதல் பத்தியிலேயே "ஸ்டூடியோவே என் வாழ்வாதாரம்" என்று எழுதுங்கள். பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டு வழக்கைத் தோற்கிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும்.

கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடர 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு. டிஸ்க் காலியாக வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அந்த வாட்ஸப் செய்தி உள்ள போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அச்செடுத்துக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது பாதுகாப்பு.

எவ்வளவு கேட்கலாம்? மீட்பு நிலையத்தின் பில், திருப்பித் தர நேர்ந்த முன்பணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை. லட்சக்கணக்கில் எழுதிவிட்டு ஆதாரம் இல்லாமல் நிற்காதீர்கள். "வேறு பிரதி ஏன் வைக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு கேட்கும். இரண்டு டிஸ்க்கிலும் அதே படங்களின் பிரதி இருந்ததே என்று நீங்கள் சொன்னால், இரண்டும் ஒரே பெட்டியில்தானே என்பார்கள். தொகை அதனால் குறையலாம், வழக்கு விழாது.

அந்த இரண்டு வீட்டாரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவர்களுக்கு நீங்கள் சேவை தருபவர். இதே சட்டத்தில் அவர்கள் உங்கள்மேல் வரலாம். நடந்ததை இன்றே எழுத்தில் சொல்லுங்கள், பாக்கித் தொகையைக் கேட்காதீர்கள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களைச் சேகரித்து ஒரு ஆல்பம் செய்து தர முன்வாருங்கள். அவர்கள் பணம் திரும்பக் கேட்டால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கடைக்காரரிடம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டுக்கு அந்தக் கடிதமே ஆதாரம்.