திரையில் கட்டம் கட்டமாய்க் கறை

கேள்வி: என் லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக மங்கல் கறை. டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் பரவத்தான் செய்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்தலாமா? - ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. என் பழுதுபார்க்கும் மேஜைக்கு அழுக்கால் கெட்ட திரை வந்ததே இல்லை. துடைத்துக் கெடுத்தவைதான் வருகின்றன.

உங்களுடையது பளபளக்காத திரை என்றால், நீங்கள் தொடுவது பெரும்பாலும் கண்ணாடியே அல்ல, மெல்லிய பிளாஸ்டிக் படலம். வெளிச்சம் பட்டுக் கூசாமலிருக்க அதன் மேற்பரப்பைப் பதப்படுத்தியிருப்பார்கள். ஜன்னல் ஸ்பிரே பலவற்றில் இருக்கும் அமோனியா அதை அரித்துவிடும். அப்படி விழுந்த வெள்ளைத் திட்டு பிறகு எதற்கும் போகாது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் இன்னும் மோசம்.

திரை மேல் எதையும் நேராக அடிப்பதே வம்பு. துளி வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பல லேப்டாப்களில் திரையை இயக்கும் சர்க்யூட் போர்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. “தானாகவே கோடு விழுந்தது சார்” என்பார்கள். சட்டத்தைக் கழற்றினால் ஈரம் காய்ந்த தடம் பல்லிளிக்கும்!

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சூடு ஆறவிடுங்கள். திரை கறுத்திருக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுக்கு முழுதும் தெரியும். முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியை மட்டும் மெல்லத் தட்டுங்கள். தூசியோடு அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பிறகு துணியின் ஒரு மூலையை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புத்தடம் விடும். இன்னொரு கை மூடியின் முதுகைத் தாங்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு விடவில்லையென்றால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உண்டு. ஆனால் எல்லாத் திரைக்கும் அது ஒத்துவராது, கையேட்டில் அனுமதித்திருந்தால் மட்டும் தொடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே மூட வேண்டும். (துணியைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்காதீர்கள், அந்த வழவழப்பும் திரையில் ஒட்டும்.)

இனி உங்கள் கட்டங்கள். அவை கீபோர்டு வைத்த முத்திரை. விரல் எண்ணெய் கீகளில் படிகிறது. மூடிய லேப்டாப் பையில் நசுங்கும்போது திரைக்கு ஏறுகிறது. ஆகவே திரையைவிட அதிகமாகக் கீகளைத் துடையுங்கள், பையில் அதன் மேல் கனமாக எதையும் அடைக்காதீர்கள். இத்தனைக்கும் பிறகு தடம் நின்றால், அது அழுக்கல்ல, கீகள் உரசித் தேய்ந்த இடம். தேய்க்கத் தேய்க்க அகலமாகும், விட்டுவிடுங்கள்.