மாமரக் கிளை விழுந்தது அடுத்த வீட்டுக் கார் மேல்: ரூ. 80,000-மும் நான்தான் தர வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மதுரையில் சொந்த வீடு. காம்பவுண்டுக்குள் இருக்கும் மாமரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கழித்துவிடலாம் என்று ஒரு மரம் வெட்டுபவரிடம் ரூ. 6,000 பேசினேன். இரண்டு ஆட்களோடு வந்தார். கயிறு, ரம்பம் எல்லாம் அவருடையது. வேலை நடக்கும்போது, "அந்தப் பெரிய கொப்பையும் எடுத்துடுங்க" என்று நான்தான் சொன்னேன். அது முறிந்து பக்கத்து வீட்டு ஷெட்டில் விழுந்து, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே நின்ற கார் மேல் இறங்கிவிட்டது. காருக்கு ரூ. 62,000, ஷெட்டுக்கு ரூ. 18,000 என்று பக்கத்து வீட்டுக்காரர் எஸ்டிமேட் காட்டுகிறார். இன்சூரன்ஸில் கேளுங்கள் என்றால், "தப்பு உங்க பக்கம், நான் எதுக்கு என் போனஸை இழக்கணும்?" என்கிறார். மரம் வெட்டியவர், "கயிறு நழுவிடுச்சு சார், என்கிட்ட ஏது அவ்வளவு பணம்?" என்று கையை விரிக்கிறார். அவருக்குக் கூலி இன்னும் தரவில்லை. வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கியில் போட்ட வீட்டுக் காப்பீடு ஒன்று இருக்கிறது. அது உதவுமா? 20 வருடப் பழக்கம், பகையாகிவிடக் கூடாது. மரமும் பாதி வெட்டியபடி நிற்கிறது.

பதில்: முதலில் ஒரு அவசர வேலை. காரை ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்களுடைய சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்ப்பதற்கு முன்னால் பழுதுபார்த்துவிட்டால் கிளைம் சிக்கலாகிவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கிளைம் செய்வாரா, மாட்டாரா என்பது அப்புறம். அந்த வாசலை இன்றைக்கே அடைத்துவிட வேண்டாம்.

உங்கள் வீட்டுக் காப்பீட்டை நம்பாதீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருக ரக்‌ஷா' பாலிசியில் மரம் விழுந்து ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அது உங்கள் வீட்டுக்கு, உங்கள் காம்பவுண்டு சுவருக்கு. அடுத்தவர் சொத்துக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை அது கொடுக்காது. அதற்கு 'பப்ளிக் லயபிலிட்டி' என்ற தனிப் பிரிவு வேண்டும். வங்கியில் கடனோடு சேர்த்துப் போடும் பாலிசிகளில் அது பெரும்பாலும் இருக்காது. பாலிசி பத்திரத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இதே பாலிசி உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தால் கதை வேறு. கார் நிறுத்தும் ஷெட், காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாமே 'வீட்டுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், தன்னிடம் பாலிசி இருப்பதே அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். கடன் கணக்குத் தாள்களோடு சேர்ந்து பீரோவில் கிடக்கும். அந்த ரூ. 18,000-ஐ அங்கே கேட்கலாம்.

சரி, சட்டப்படி யார் பொறுப்பு? நாள் கூலிக்கு ஆள் பிடித்து, அருவாளும் ஏணியும் நீங்கள் கொடுத்து, இதை வெட்டு, அதை விடு என்று நின்று வேலை வாங்கினால், அவர்கள் செய்யும் தவறு உங்கள் தவறாகவே பார்க்கப்படும். மொத்தமாக ஒரு தொகை பேசி, அவரே ஆள், கருவி எல்லாம் கொண்டுவந்து அவர் முறையில் செய்தால், அவர் தனி ஒப்பந்தக்காரர். அவருடைய அஜாக்கிரதைக்குப் பொதுவாக அவரே பொறுப்பு. நீங்கள் இரண்டாவது வகையில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால், "அந்தக் கொப்பையும் எடுத்துடுங்க" என்று சொன்னபோது முதல் வகைப் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டீர்கள். அதோடு, அடுத்தவர் சொத்துக்கு மேலே தொங்கும் கனமான கிளையை வெட்டுவது இயல்பிலேயே ஆபத்தான வேலை. அப்படிப்பட்ட வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லி முழுதாக விலகிக்கொள்ள நீதிமன்றம் விடாது. காரைக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னீர்களா என்பது முதல் கேள்வியாக வரும். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, ஆகவே சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மரம் வெட்டியவர் பக்கத்துத் தவறை எப்படித் தெரிந்துகொள்வது? மரத்தையே போய்ப் பாருங்கள். கனமான கிளையை எடுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுப்பதுதான் முறை. மேலிருந்து மட்டுமே அறுத்தால் பாதியில் கிளை தன் எடையிலேயே முறியும். பட்டை நார் நாராகக் கிழிந்து தண்டில் கீழ்வரை உரிந்து வரும், கிளை எந்தப் பக்கம் ஆடும் என்று யாருக்கும் தெரியாது. வெட்டுவாயில் அப்படிக் கிழிசல் இருக்கிறதா, கயிறு மேலே இன்னொரு கிளையில் போட்டு இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். நாளை யார் எந்தப் பங்கைத் தருவது என்று பேசும்போது, "கயிறு நழுவிடுச்சு" என்ற பேச்சைவிட அந்தப் படம் பேசும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் பிரச்சினைக்குத் தீர்வு இங்கேதான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமானது) என்றால், காருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. 'காம்ப்ரிஹென்சிவ்' என்றால் வரும், ஏனெனில் வெளியிலிருந்து தற்செயலாக வந்து விழும் பொருளால் ஏற்படும் சேதம் அதில் அடங்கும். அவர் போனஸ் போகும் என்று சொல்வதிலிருந்தே இரண்டாவது வகைதான் என்று தெரிகிறது.

வண்டிக்கு மூன்றரை வயது, 1,200 சிசி என்று வைத்துக்கொள்வோம். ரூ. 62,000 எஸ்டிமேட்டில் முன் கண்ணாடி ரூ. 9,000, கூரை, பானெட் போன்ற இரும்புத் தகடுகள் ரூ. 24,000, பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் ரூ. 8,000, பெயின்ட் ரூ. 12,000, கூலி ரூ. 9,000 என்று கொள்வோம். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. மூன்றிலிருந்து நான்கு வயது வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 25%, அதாவது ரூ. 6,000 கழியும். பிளாஸ்டிக்குக்கு 50%, ரூ. 4,000. பெயின்ட்டில் பொருளின் விலையாகக் கால் பங்கை எடுத்து அதில் பாதி, ரூ. 1,500. வண்டி உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ரூ. 1,000. ஆக ரூ. 12,500 போக, ரூ. 49,500 காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அவர் 'ஜீரோ டெப்' (தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு) எடுத்திருந்தால் கழிவு இன்னும் குறையும்.

அடுத்து அவர் பயப்படும் போனஸ். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று 'நோ கிளைம் போனஸ்' (பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) ஏறும், ஒரு கிளைம் செய்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவர் இப்போது 35%-இல் இருந்தால் அடுத்த புதுப்பிப்பில் 45% கிடைத்திருக்கும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் ரூ. 8,000 என்றால் முதல் ஆண்டு ரூ. 3,600 நஷ்டம். பிறகு 50 வர வேண்டிய இடத்தில் 20, 25, 35, 45 என்று மெதுவாக ஏறுவார். ஐந்து ஆண்டில் மொத்த நஷ்டம் ரூ. 9,600. வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதால் பிரீமியமும் குறையும், ஆகவே உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கம்மிதான்.

ஆக, "இன்சூரன்ஸில் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவர் கிளைம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் கிளைம் செய்யுங்கள். அவர்கள் பிடிக்கும் ரூ. 12,500-ஐ நான் தருகிறேன். உங்கள் போனஸ் நஷ்டத்துக்கு ரூ. 9,600-ஐ இப்போதே தந்துவிடுகிறேன். ஷெட் செலவு என்னுடையது." மொத்தம் ரூ. 40,100. ரூ. 80,000-க்குப் பதில் பாதிதான், அவருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. பழைய ஷீட்டுக்கு ஏன் புது ஷீட் விலை என்று பேரம் பேசாதீர்கள். ரூ. 18,000-இல் தேய்மானம் பார்த்து 20 வருடப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. (உடைந்த ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்தபடி பெருக்க வேண்டாம் என்று அவர்கள் வீட்டில் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கை மூடிக்கொண்டு அள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. ஒன்று, ஒரே நஷ்டத்துக்கு உங்களிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் அவர் பணம் வாங்கக் கூடாது. நீங்கள் தருவது 'காப்பீட்டில் கிடைக்காத பகுதிக்கு மட்டும்' என்று தேதி போட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு, இழப்பீடு கொடுத்த நிறுவனம் அவருடைய இடத்தில் நின்று, சேதத்துக்குக் காரணமானவரிடம் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே அந்த ரூ. 49,500 ஒரேயடியாக உங்களை விட்டுப் போய்விட்டது என்று எண்ணி, கையிருப்பை வேறு எதிலும் முடக்கிவிடாதீர்கள். கிளைம் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். காற்றில் விழுந்தது என்று மாற்றி எழுதினால் கிளைமே போய்விடும், அந்தப் பாவம் அவர் தலையில்.

மரம் வெட்டியவரின் கூலியைப் பிடித்து வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. அவரோடு வந்த இரண்டு பேரும் அன்றைய உழைப்பை நம்பி வந்தவர்கள். அவர்களுக்கு உரியதை இன்றே கொடுத்துவிடுங்கள். தலைமை ஆளிடம், வெட்டு முறை தவறு என்று படத்தில் தெரிந்தால், அவர் பங்காக அவரால் முடிந்ததைக் கேளுங்கள், தவணையாக இருந்தாலும் சரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வழி இருக்கிறது, ரூ. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் தினக்கூலியில் வாழ்பவர்மீது உத்தரவு வாங்கி எதை வசூலிக்கப்போகிறீர்கள்? அந்த அலைச்சல் உங்கள் வயதுக்கு வேண்டாம்.

நினைத்துப் பார்க்கவே பயமாக இருப்பது இன்னொன்று. அன்றைக்குக் கொப்போடு ஒரு ஆளும் விழுந்திருந்தால்? அடுத்த முறை மரமேறுபவரிடம், 'பிரதமர் சுரக்‌ஷா பீமா' போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ரூ. 20, வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள், 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ ரூ. 2 லட்சம். போடவில்லை என்றால் அந்த 20 ரூபாயைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். உங்களுடைய சட்டப் பொறுப்பை இது நீக்காது, ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு பிடிமானம்.

உங்கள் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பப்ளிக் லயபிலிட்டி பிரிவோடு தரும் பாலிசியைக் கேளுங்கள். 'நான் அமர்த்தும் ஆட்கள் என் வளாகத்தில் வேலை செய்யும்போது அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதம் இதில் வருமா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

கடைசியாக, பாதி வெட்டி நிற்கும் மரம். இதைத் தள்ளிப் போடாதீர்கள். நல்ல மரத்தின் கிளை பெரும்புயலில் முறிந்தால் அதைக் கடவுள் செயல் என்று வாதிட முடியும். ஆபத்து என்று தெரிந்தும் விட்டுவைத்த கிளைக்கு அந்த வாதம் நிற்காது. சாலையோர மரத்தின் கிளை விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், மரத்தைக் கவனிக்காமல் விட்டதற்காக டெல்லி மாநகராட்சியைத்தான் உச்ச நீதிமன்றம் 1999-இல் பொறுப்பாக்கியது. இனி மிச்சக் கிளை விழுந்தால், தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. கயிறு கட்டி இறக்கத் தெரிந்த வேறு ஒரு ஆளைப் பிடியுங்கள். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏறச் சொல்லுங்கள். முந்தின நாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நேரத்தைச் சொல்லி, ஷெட்டைக் காலி செய்யக் கேட்டு, அதையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.