காற்றுப் பிளாஸ்மா: ஓசோனா, பழுப்பு வாயுவா?

பீளமேடு: விதைநேர்த்திக்கு மூடுன டப்பாவுல, கண்ணாடித் தடுப்பு வெச்ச பிளாஸ்மா (உயர் அழுத்த மின்சாரத்துல காத்தைப் பிளக்கறது) ஓட்டறேனுங்க. மொதல்ல ஓசோன் நெடி தூக்குது. பத்து நிமிசத்துல அடங்கி, டப்பா லேசா பழுப்பாகுது. டிரான்ஸ்பார்மர் போச்சுங்களா?

பதில்: டிரான்ஸ்பார்மர் நல்லாத்தான் இருக்குதுங்க, கோளாறு வாட்டுலயும் சூட்டுலயும். வாட் கம்மியா இருந்தா பிளந்த ஆக்சிஜன் அணு, பிளக்காத ஆக்சிஜன் மூலக்கூறோட சேர்ந்து ஓசோனாகும். வாட் ஏறினா நைட்ரஜனும் கிளர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகி, ஓசோனைத் தின்னு பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடாகும். மூடுன டப்பாவுல அது தேங்கித் தேங்கி, கடைசியில ஓசோன் மொத்தமா காலி.

ஓசோன்தான் வேணும்னா மின்முனைப் பரப்புல சதுர செ.மீ.க்கு சுமார் 0.1 வாட்டுக்குக் கீழ நிறுத்துங்க. மின்முனை சூடாகாம ஃபேன் காத்து குடுங்க. ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல் வழியா நிமிசத்துக்கு 1-2 லிட்டர் காத்து உள்ள போகட்டும். ஈரக்காத்துல ஓசோன் குறையும், நைட்ரிக் அமிலம் படிஞ்சு கம்பி வலையும் அரிச்சுப்போகும். அயோடைடு-ஸ்டார்ச் தாள் நீலமாச்சுன்னு ஓசோன்னு முடிவு கட்டாதீங்க, பழுப்பு வாயுவும் அதை நீலமாக்கும். மூக்கை மீட்டரா வெக்கறது அதைவிட மோசம்.

கோபி: கிருமி கொல்ற தண்ணி தயாரிக்க, ஆர்க் வாயுவை (மின்பொறி வழியா வர்ற காத்தை) 200 மில்லி போர் தண்ணில கால் மணி நேரம் குமிழி விட்டேன். பிஎச் 7.8-லயே நிக்குது, கிருமியும் சாகலைங்.

பதில்: உங்க தண்ணி அமிலத்தைக் குடிச்சிருது. காரத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்குல) இருந்தா, அதை அடக்கவே லிட்டருக்கு 6 மில்லிமோல் அமிலம் வேணும், அதாவது 372 மி.கி. நைட்ரேட். சின்ன ஆர்க்குக்கு அது எட்டாதுங்க. ஆர்ஓ தண்ணியோ, காய்ச்சி வடிச்ச தண்ணியோ எடுங்க. சிறுவாணித் தண்ணி கெடைச்சாலும் போர் தண்ணிக்குத் தேவலை.

இன்னொரு விசயம்: உலர்ந்த ஆர்க் வாயுல நைட்ரைட், நைட்ரேட்தான் வரும், ஹைட்ரஜன் பெராக்சைடு பேருக்குத்தான் இருக்கும். மின்பொறி தண்ணி மேல்பரப்பை ஒட்டி விழுந்தாத்தான் பெராக்சைடு நல்லா சேரும். அமிலத்துல நைட்ரைட்டும் பெராக்சைடும் சேர்ந்து உண்டாகற பெராக்சிநைட்ரஸ் அமிலந்தான் கிருமியைக் கொல்றதுல பெரிய பங்கு எடுக்குது. அது நொடிக்கணக்குல அழிஞ்சுரும், நைட்ரைட்டும் பெராக்சைடும் இருக்கற வரைக்குந்தான் புதுசா உண்டாகும். நைட்ரைட் சோதனைத் தாள்ல இளஞ்சிவப்பு வெளிறிருச்சுன்னா தண்ணி சக்தி போயிட்டு இருக்குதுன்னு அர்த்தம். தயாரிச்ச மணி நேரத்துக்குள்ள தெளிச்சுருங்க.

சூலூர்: ஓசோன் வர்ற ரப்பர் டியூப் வெடிச்சு வெடிச்சுப் போகுது.

பதில்: இழுத்து மாட்டின ரப்பர் அப்படித்தான் கீறும். சிலிகான் இல்லாட்டி டெஃப்லான் போடுங்க. காத்துப் பம்பை மின்முனைக்கு முன்னாடியே வைங்க, பின்னாடி வெச்சா பம்புக்குள்ள இருக்கற டயாபிரம் (சவ்வு) போயிரும்.

நாமக்கல்: முட்டை அறைல ஓசோன் ஓட்டறப்ப ஆள் நிக்கலாங்களா?

பதில்: கூடாதுங்க. ஆள் இருக்கற எடத்துல ஓசோனுக்கு 8 மணி நேரச் சராசரி வரம்பே 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 0.1 பங்கு). கிருமி கொல்ற அளவு அதைத் தாண்டிரும். ஆளை வெளியேத்திட்டு ஓட்டுங்க, அப்புறம் எக்ஸாஸ்ட் போட்டு, மீட்டர்ல பார்த்துட்டு உள்ள போங்க. நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னும் கள்ளத்தனமானது: இப்ப தொண்டை கரகரப்போட விட்டுட்டு, பல மணி நேரங்கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும்.