பேஸ்ட் மாத்தினா சூடு குறையுமா? கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என்னோடது ரைசன் 5 3600 ப்ராசஸர், கூடவே வந்த வ்ரெய்த் ஸ்டெல்த் கூலர்தான். கேம் விளையாண்டா 90 டிகிரி தொடுது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கற தெர்மல் பேஸ்ட்டை மாத்தலாம்னு பாத்தா ஒருத்தர் நடுவுல ஒரு பொட்டு வைங்கங்கறார், ஒருத்தர் எக்ஸ் போடுங்கறார், இன்னொருத்தர் கார்டு வெச்சு முழுசா தடவுங்கறார். எது சரி? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: மூணுமே சரிதான் தம்பி, ஒழுங்கா போட்டா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு டிகிரி ரெண்டு டிகிரி வித்தியாசம் வந்தா பெரிசு. ப்ராசஸரோட மேல் மூடியும் கூலரோட அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் கிட்ட போய் பாத்தா மேடு பள்ளமாத்தான் இருக்கும், ரெண்டையும் ஒட்ட வெச்சா அந்தப் பள்ளத்துல எல்லாம் காத்து மாட்டிக்கும். காத்து வெப்பத்தைக் கடத்துறதுல படு மோசம், அதோட கடத்துதிறன் 0.026 அளவுதான், நல்ல பேஸ்ட்டுக்கு 4லேர்ந்து 12 வரைக்கும் போட்டிருப்பான், காப்பர் கிட்டத்தட்ட 400. இப்ப கணக்கு புரியுதா? காத்தை வெளிய தள்ளத்தான் பேஸ்ட், மத்தபடி மெட்டலும் மெட்டலும் எவ்வளவு நெருக்கமா ஒட்டுதோ அவ்வளவு நல்லது. அதனால ஒரு பச்சைப் பட்டாணி அளவு நடுவுல வெச்சு கூலரை நேரா மேல இறக்குங்க, அழுத்தமே அதைப் பரப்பிடும். கொஞ்சம் கூடிட்டாலும் ஓரமா பிதுங்கும், சாதா பேஸ்ட் கரண்ட் கடத்தாது, துடைச்சா போச்சு. கம்மியா போட்டு ஒரு மூலை காஞ்சு கிடந்தாத்தான் வம்பு.

எல்லாரும் கோட்டை விடுறது ஸ்க்ரூவுல. ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போனா கூலர் சாஞ்சு பேஸ்ட் ஒரு பக்கமா ஒதுங்கிடும். எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி ரெண்டு சுத்து ரெண்டு சுத்தா முறுக்குங்க. புதுக் கூலர் வாங்கினீங்கன்னா அடியில ஒட்டியிருக்கற ப்ளாஸ்டிக் ஷீட்டை உரிக்க மறக்காதீங்க, சிரிக்காதீங்க, 100 டிகிரி போகுதுன்னு கடைக்கு வர்ற புது பிசில இது அடிக்கடி நடக்கற கதை. இன்டெல் பாக்ஸ் கூலரா இருந்தா அந்த நாலு புஷ் பின்னும் போர்டுக்குப் பின்பக்கம் முழுசா வெளிய வந்திருக்கான்னு திருப்பிப் பாத்துடுங்க, ஒண்ணு மாட்டலைன்னாலும் எந்த பேஸ்ட்டும் காப்பாத்தாது.

இன்னொண்ணு, உங்க கூலர் சின்ன அலுமினியக் கட்டி. 65 வாட் சிப்புக்குப் போதும்னுதான் அதைக் கொடுக்கறாங்க, ஆனா நம்ம ஊர் மே மாசத்துல மூச்சு வாங்கும். பேஸ்ட் மாத்தறதுக்கு முன்னாடி ஃபேனையும் ஃபின்னையும் (கூலர்ல வரிசையா இருக்கற மெல்லிசு தகடு) தூசி தட்டிட்டு ஒருக்கா டெம்பரேச்சர் பாருங்க, பாதிப் பேருக்கு அதோட வேலை முடிஞ்சுடும்.

கேள்வி: கூலரைக் கழட்டினேன், ப்ராசஸரும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துடுச்சு! சாக்கெட் லீவர் பூட்டித்தான் இருந்துச்சு. ரெண்டு பின் வளைஞ்சிருக்கு சார். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உக்கார்ற இடம்) தானே? அதுல சிப்போட அடியில 1331 பின் இருக்கும், சாக்கெட் அதைப் பக்கவாட்டுல பிடிச்சுக்கும், மேலேர்ந்து அழுத்திப் பிடிக்க ஒண்ணுமே கிடையாது. பழைய பேஸ்ட் காஞ்சு கோந்து மாதிரி ஆயிடுச்சுன்னா லீவர் பூட்டியிருந்தாலும் சிப்பு கூடவே வரும். 2022ல வந்த ஏஎம்5ல பின்னை எல்லாம் போர்டு பக்கம் மாத்தி மேல இரும்பு ஃப்ரேம் போட்டுட்டாங்க, அதுல இந்தத் தொல்லை இல்லை.

வளைஞ்ச பின்னுக்கு லெட் எடுத்துட்ட மெக்கானிக்கல் பென்சில் முனையை பின் மேல மாட்டி மெதுவா நிமித்துங்க, இல்லைன்னா பழைய ஏடிஎம் கார்டை வரிசைக்கு நடுவுல விட்டு சரி பண்ணலாம். ஒரே மூச்சுல நிமித்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. சாக்கெட்டுல தானா விழணும், அழுத்தவே கூடாது. அடுத்த தடவை கழட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பிசியை ஓட்டி சூடு பண்ணி, ஆஃப் பண்ணி, ப்ளக்கையும் உருவிட்டு, கூலரை இடம் வலமா திருகி விட்டு அப்புறம் தூக்குங்க. நேரா இழுத்தா மறுபடி இதே கதைதான்.

கேள்வி: கேமிங் லேப்டாப். சர்வீஸ்ல புது பேஸ்ட் போட்டாங்க, ஒரு மாசம் ஜம்முனு இருந்துச்சு, இப்ப திரும்ப 95. ஏமாத்திட்டாங்களா? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: அப்படிச் சொல்லிட முடியாது. லேப்டாப் சிப்புக்கு மேல மூடி கிடையாது, வெறும் சிலிக்கான் மேலேயே ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கற மெட்டல் பாகம்) உக்காரும். சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. பேஸ்ட் தண்ணியா இருந்தா அந்த ஆட்டத்துலயே கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடும், நடுவுல சிப்பு வெறிச்சுன்னு நிக்கும். டெஸ்க்டாப்புக்குப் பேர் போன பேஸ்ட் லேப்டாப்புல சீக்கிரம் படுத்துக்கறது இதனாலதான். கெட்டியான பேஸ்ட் கேளுங்க, இல்லைன்னா பேஸ்ட்டுக்குப் பதிலா வைக்கற ஹனிவெல்லோட பிடிஎம்7950 ஷீட் பாருங்க, அது ரூம் டெம்பரேச்சர்ல கெட்டியா இருக்கும், 45 டிகிரி பக்கம் போனா இளகி பள்ளத்தை எல்லாம் நிரப்பிக்கும், வெளிய ஓடாது. போலியும் நிறைய சுத்துது, பாத்து வாங்குங்க.

முக்கியமா இன்னொண்ணு. 2020லேர்ந்து ஆசஸ் ஆர்ஓஜி மாதிரி சில லேப்டாப்புல கம்பெனியே லிக்விட் மெட்டல் போட்டு அனுப்புறாங்க, ப்ளேஸ்டேஷன் 5லயும் அதேதான். அது காலியம் கலவை, வெப்பத்தை அபாரமா கடத்தும், கரண்ட்டையும் கடத்தும். ஒரு துளி போர்டுல சிந்தினா ஷார்ட். அலுமினியத்துல பட்டா அந்த அலுமினியமே பொடிஞ்சு போயிடும். தெரியாம திறந்து துடைக்கற வேலை வேண்டாம்.

தூசி போக ஃபேன் வழியா ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சி வெச்சு நிறுத்திக்கோங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போயிடும்.

கேள்வி: அவசரத்துக்கு டூத்பேஸ்ட் போடலாமா? பழசைத் துடைக்க சானிடைசர் ஆகுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பதில்: ஐயா, போட்ட அன்னிக்கு வேலை செய்யும்ங்கறது நிஜம்தான், ஆனா அதுல இருக்கற தண்ணி சில நாள்லயே ஆவியாயிடும், அப்புறம் சுண்ணாம்பு மாதிரி உதிரும். வேண்டாங்க. சானிடைசர்லயும் தண்ணியும் கிளிசரினும் இருக்கு, பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் கேட்டு வாங்கி, கண்ணாடி துடைக்கற துணியில நனைச்சுத் துடைங்க. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கும்.

கேள்வி: பிசி சும்மா இருக்கும்போதே ப்ராசஸர் 48 டிகிரி. யூட்யூப்ல வெள்ளைக்காரங்களுக்கு 30 காட்டுது. வாட்டர் கூலர் வாங்கிடட்டுமா? (வீடியோ எடிட்டர், சென்னை)

பதில்: அவங்க ரூம் 20 டிகிரிங்க, உங்க ரூம் மே மாசத்துல 36. ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, ரூம் சூட்டுக்குக் கீழ எதுவும் கொண்டு போகாது. ரூமைக் கழிச்சுப் பாருங்க, உங்களுக்கு 12, அவங்களுக்கு 10, என்ன பெரிய வித்தியாசம்? ஐடில் சூட்டைப் பாத்து பயப்படவே வேண்டாம், ரெண்டர் ஓடும்போது எவ்வளவு போகுதுன்னு ஹெச்டபிள்யூ இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல பாருங்க, த்ராட்டில் ஆகுதுன்னு (சூடு தாங்காம சிப்பு தானே வேகத்தைக் குறைச்சுக்கறது) காட்டுதான்னும் பாருங்க. ரைசன் 7000 சீரிஸ் ஃபுல் லோடுல 95 வரைக்கும் போய் அங்கேயே நிக்கற மாதிரிதான் ஏஎம்டி டிசைன் பண்ணியிருக்காங்க, இன்டெல் நிறைய சிப்புக்கு லிமிட் 100.

காசு செலவில்லாம குறைக்கணும்னா பயோஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) ஈகோ மோடோ பவர் லிமிட்டோ வைங்க, சிப்பு இழுக்கற கரண்ட்டைக் கட்டுப்படுத்தற செட்டிங் அது. கோர் ஐ9 14900கே மாதிரி சிப்பு 253 வாட் வரைக்கும் இழுக்கும், அதைக் கொஞ்சம் கட்டிப் போட்டா ரெண்டர் டைம் லேசா கூடும், சூடு நல்லா இறங்கும். கேபினட்டை சுவர்லேர்ந்து தள்ளி வைங்க, டேபிளுக்கு அடியில மூடின அறைக்குள்ள வெச்சிருந்தீங்கன்னா முதல்ல வெளிய எடுங்க.

கேள்வி: ட்யூப்ல பாதி மீதி இருக்கு, அடுத்த வருஷம் போடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: மூடியை இறுக்கி மூடி வெச்சிருந்தா தாராளமா போடலாம். முதல் சொட்டைத் துணியில பிதுக்கிப் பாருங்க, எண்ணெய் தனியா வந்தாலோ திட்டுத் திட்டா வந்தாலோ தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க.