சிந்தசைசர் வாங்கப் போகிறேன். 37, 49, 61, 76, 88 கீ, இதில் எதை எடுப்பது?

கோயில் பஜனைக் குழுவில் ஆறு மாதமாக இரவல் கீபோர்டில் வாசித்து வருவதாகவும், இப்போது சொந்தமாக ஒரு சிந்தசைசர் வாங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் பெரியதாக எடுக்கச் சொல்கிறார், நண்பர் 49 கீ போதும் என்கிறார், யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். வாசிக்கும்போது உங்கள் இடது கை என்ன செய்கிறது? அதைச் சொல்லிவிட்டால் எத்தனை கீ என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். வலது கைக்கு இரண்டரை, மூன்று ஆக்டேவ் (ஓர் ஆக்டேவ் என்பது ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை, 12 கீ) இருந்தால் பெரும்பாலான பாட்டைச் சமாளித்துவிடும். அதற்கு மேல் வாங்கும் கீ எல்லாம் இடது கைக்காகத்தான்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் மலாயாவிலேயே முதல்முறையாக வணிகத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள். சுற்றியுள்ள தோட்டத்துக் கோயில்களில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கீபோர்டு வாசிக்கிறேன், சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நான் எழுதுவது எல்லாம் அந்த அனுபவத்தில் கண்டதுதான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆர்மோனியம் பழகியவர்கள் கீயையும் கட்டை என்பார்கள், சுருதியையும் கட்டை என்பார்கள். இந்தப் பதிலில் அழுத்துவது கீ. கட்டை என்றால் சுருதி மட்டும். மேற்கத்தியப் பெயரில் 1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி.

சரி, இடது கைக்கு வருவோம். அதற்கு மூன்று விதமான வேலை இருக்கலாம்.

முதல் வேலை, சக்கரத்தைப் பிடிப்பது. 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் 44 கீதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதில் ஒலிக்கும். வலது கை வாசிக்க, இடது கை ஓரத்தில் இருக்கும் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டி ஸ்வரத்தை வளைக்கும். நம் பாட்டுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். கீபோர்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) வராது என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தச் சக்கரத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் (அரைஸ்வரம் என்பது ஒரு கீக்கும் அதை ஒட்டிய கீக்கும் உள்ள தூரம்) வளைக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைக்க அந்த அளவு தாராளம். குழலோ வயலினோ போல ஒற்றை ஸ்வரமாக வாசித்து, இடது கையால் வளைத்துக்கொண்டு இருப்பவருக்கு 37 கீ போதும், 49 என்றால் வசதி. பாடகர் பொதுவாகப் புழங்குவது மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஆக்டேவின் ப) தார பஞ்சமம் (மேல் ஆக்டேவின் ப) வரை இரண்டு ஆக்டேவ். எண்ணினால் 25 கீ. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த பல மாடல்களில் இந்தச் சக்கரமே இருக்காது, சிலவற்றில் கீக்கு மேலே எட்டாத மூலையில் இருக்கும். கீயை எண்ணுவதற்கு முன்னால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது வேலை, கார்டு பிடிப்பது, அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. பஜனை, கல்யாணம், பிறந்தநாள் என்று நாங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். இடது கை கார்டு, வலது கை பாட்டு. கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடது பக்கத்துக்கு ஒரு சத்தம், வலது பக்கத்துக்கு ஒரு சத்தம். இங்கேதான் 49க்கும் 61க்கும் உள்ள வித்தியாசம் உரைக்கும். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு அவள் அப்பா 49 கீ ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல கருவிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஜனையில் மோகன ராகப் பாட்டு ஒன்றை அவள் வாசித்தாள். பாடியது ஒரு அக்கா, சுருதி 5 கட்டை. இடது பக்கம் 19 கீயை, அதாவது சியிலிருந்து அடுத்த ஆக்டேவ் எஃப் ஷார்ப் வரை, கார்டுக்காகப் பிரித்திருந்தாள். யமஹாவின் பிஎஸ்ஆர் வகைக் கீபோர்டுகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே பிரிவு அங்கேதான் இருக்கும், அதையே நானும் சொல்லிக் கொடுத்திருந்தேன். பாடகரின் மந்திர பஞ்சமம் அந்த இடது பகுதிக்குள் விழுந்துவிடும். அதனால் வலது கைச் சத்தத்தை ஓர் ஆக்டேவ் இறக்கி வைத்துவிட்டு, கையை ஓர் ஆக்டேவ் தள்ளி மேலே வாசித்தாள். அதுவும் சரிதான்.

பாட்டு மேலே ஏறியது. தார ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், அடுத்து பஞ்சமம். 5 கட்டையில் அந்தக் காந்தாரம் பி, பஞ்சமம் டி. 49 கீயில் கடைசிக் கீ சி. அவள் விரல் பஞ்சமத்துக்குப் போய், அங்கே கீ இல்லாமல், ஓரத்து சியில் விழுந்தது. அது மத்யமம். மோகனத்தில் மத்யமமே கிடையாது. பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். பிள்ளை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அந்தச் சரணம் முழுக்கத் தாளம் மட்டும்தான் ஓடியது. பாட்டை அவள் தப்பில்லாமல் மனப்பாடம் செய்திருந்தாள். ஒரே ஒரு வெள்ளைக் கீ போதவில்லை, அவ்வளவுதான்.

கீபோர்டின் சத்தத்தை ஓர் ஆக்டேவ் மேலோ கீழோ நகர்த்தும் ஆக்டேவ் பட்டனை அழுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது, பாட்டு நடுவில், அந்தச் சின்னப் பட்டனைத் தேடி அழுத்துவது பெரியவர்களுக்கே சிரமம். பட்டன் இருக்கிறது என்று நம்பி 49 வாங்குவது வீட்டில் தனியாக உட்கார்ந்து பாட்டு அமைப்பவருக்குச் சரிவரும். கோயிலில் சரிவராது.

கணக்காகச் சொன்னால், கார்டுக்கு 19 கீ போனபின் 37இல் மிச்சம் 18, ஒன்றரை ஆக்டேவ். 49இல் 30, இரண்டரை. 61இல் 42, மூன்றரை. அந்த மூன்றரையில் எந்தச் சுருதியில் யார் பாடினாலும் கை முட்டாது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1988இல் வந்த கோர்க் எம்1 இரண்டும் 61 கீதான். கூடவே, தூக்கிக்கொண்டு போகவும் முடியும்.

மூன்றாவது வேலை, பியானோ. இடது கை தனியாகவே ஒரு பாட்டு வாசிக்கும், கீழ் ஆக்டேவ் முழுக்க ஓடும். இதற்கு 88 வேண்டும், அதுவும் பியானோ போல அழுத்தக் கனமாக இருக்கும், பாரம் வைத்த கீயாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டன் இசைத் தேர்வு வாரியம்) பியானோ கிரேடு எழுதப் போகிறது என்றால் 61 கீ சிந்தசைசர் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். மெல்லிய கீயில் பழகிய விரல் பியானோ முன்னால் உட்கார்ந்தால் சத்தமே எழாது.

இந்த 88இல்தான் நான் அடிபட்டேன். சில வருடம் முன்பு, பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து, யாரோ பயன்படுத்திய 88 கீ ஒன்றை வாங்கினேன். வீட்டில் வாசிக்க அருமையாக இருந்தது. முதல் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொண்டு போன அன்று மழை. காரை மண்சாலை முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், கோயில் இன்னும் உள்ளே, செம்பனை வரிசைக்கு நடுவில். பெட்டியோடு சேர்த்து இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது. நானும் மேளக்காரத் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வழுக்கும் சிவப்பு மண்ணில் அடிமேல் அடிவைத்து நடந்தோம். தம்பியின் கால் ஒரு இடத்தில் சறுக்கி, பெட்டியின் அந்த முனை சேற்றில் இறங்கியது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோயிலை அடைந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, முதல் இரண்டு பாட்டை ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. சாமி முன்னால் அப்படி வாசித்தது எனக்கு இன்றும் வருத்தம். அதன்பின் அந்த 88 வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. இடது கையால் நான் செய்தது கார்டு மட்டும்தான், கடைசி வரை கீழ் ஆக்டேவைத் தொட்டதே இல்லை.

எடையை ஒப்பிட ஒரு உதாரணம். ரோலண்ட் ஜூனோ டிஎஸ் என்ற சிந்தசைசர் 61, 76, 88 என்று மூன்று அளவில் வந்தது. உள்ளே இருக்கும் சத்தம் ஒன்றுதான். 61 கீ 5.3 கிலோ, ஒரு மீட்டர் நீளம். 88 கீ 16.2 கிலோ, 1.4 மீட்டர். கீ கூடினால் சத்தம் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை, கூடுவது நீளமும் பாரமும்தான். 61ஐ மைவி காரின் பின்சீட்டில் அப்படியே படுக்க வைக்கலாம், 88க்குச் சீட்டை மடக்க வேண்டும், அப்புறம் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? அந்த ஜூனோவின் 61ம் 76ம் பேட்டரியிலும் ஓடும். தோட்டத்துக் கோயிலில் ஜெனரேட்டர் நின்றுபோன இரவில் பாட்டு நிற்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாசிப்பவருக்குத் தெரியும்.

73, 76 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இசைக்குழுவில் இடது கையால் பேஸ் வாசித்து, வலது கையால் இரண்டு சத்தம் மாற்றி மாற்றி எடுப்பவருக்கு நல்லது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

எண்ணிக்கையோடு கீயின் அகலத்தையும் பாருங்கள். முழு அளவு வெள்ளைக் கீ ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர், ஓர் ஆக்டேவ் 165 மில்லிமீட்டர் அளவில் வரும். மினி கீ அதைவிடக் குறுகல். கோர்க்கின் மைக்ரோகோர்க், யமஹாவின் ரீஃபேஸ் இரண்டும் 37 மினி கீ. சத்தம் பிரமாதம், பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் முதல் கருவியாக வேண்டாம். கை பார்க்காமலே தூரம் அறிந்து போவது பழக்கத்தால் வருவது. மினியில் ஆக்டேவ் தாவிப் பழகிய கை கோயில் கீபோர்டில் உட்கார்ந்தால் ஒரு ஸ்வரம் முன்னாலேயே விழும். சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கீ என்று பெற்றோர் வாங்குவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். பிள்ளை வளரும், கீ வளராது.

இன்னொன்று. இணையத்தில் 49, 61 என்று மலிவாகக் கிடைப்பதில் பல, மிடி கன்ட்ரோலர். கணினியோடு இணைத்தால்தான் சத்தம் வரும், தனியாக அதில் ஒரு ஸ்வரமும் ஒலிக்காது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒருவர் மகனின் பிறந்தநாளுக்கு அப்படி ஒன்றை வரவழைத்து, பழுதாகிவிட்டது என்று நினைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். விவரத்தைச் சொன்னபோது அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதில் நேராக ஹெட்போன் மாட்டினால் சத்தம் கேட்குமா?

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். மணிலா அட்டையை ஒட்டி நீளமாக வெட்டுங்கள். 37 கீக்கு 52 சென்டிமீட்டர், 49க்கு 68, 61க்கு 85, 88க்கு 122. இது கீ மட்டும், ஓரச் சட்டம் சேர்த்தால் இன்னும் நீளும். மேசைமேல் வைத்து, 23.5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக வெள்ளைக் கீயை வரையுங்கள். இடது ஓரத்திலிருந்து பதினொரு வெள்ளைக் கீ விட்டு ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், அதுவரை கார்டு. நீங்கள் பஜனையில் வாசிக்கும் பாட்டில் மிகவும் மேலே ஏறும் ஒன்றை எடுத்து, பாடிக்கொண்டே அட்டையில் விரலை நடத்துங்கள். விரல் அட்டையை விட்டு வெளியே போகிறதா என்று பாருங்கள். என் மாணவர்களின் பெற்றோர் எல்லோரையும் இப்போது இதைச் செய்யச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் இடது கைக்குக் கார்டு வேலைதான். முழு அளவு 61 கீ, அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைவது, இடது கைக்கு எட்டும் இடத்தில் சக்கரம் அல்லது நெம்புகோல், இந்த மூன்றும் இருக்கும் ஒன்றை எடுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் குழுவில் பாடுபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை அங்கேயே மெல்லப் பாடச் சொல்லி, அவர் கட்டையில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அந்த 49 வைத்திருந்த பிள்ளை இப்போது 61இல் வாசிக்கிறாள். போன மாதம் அதே மோகனப் பாட்டை, அதே அக்கா பாட, தார பஞ்சமத்தில் விரலை வைத்து நீட்டி நிறுத்தினாள்.