எழுதிக் கொடுப்பதும் திருத்திக் கொடுப்பதும்

கேள்வி: பள்ளிப் பாடங்களுக்குக் கைடு போடும் பதிப்பகம் ஒன்றில் 14 ஆண்டுகள் புரூஃப் பார்த்தேன். சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தே எழுத்து ஆலோசனைத் தொழில் தொடங்க ஆசை. ஆய்வேடு, நிறுவன அறிக்கை, புத்தகம் எதுவானாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்வேன். இப்போதைக்குப் பழக்கத்துக்காக என் நாத்தனார் மகனின் பிஎச்.டி. ஆய்வேட்டில் மூன்று இயல்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீடு கட்டும்போது 3 லட்சம் கொடுத்தவர் நாத்தனார், அவரிடம் காசு கேட்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு அவனுடைய நண்பர்கள் இரண்டு பேரும் கேட்கிறார்கள், பணம் தருவார்களாம். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? கட்டணம் எப்படி வைப்பது? நிறுவனத்துக்கு நல்ல பெயர் சொல்லுங்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது இலவசம், ஆதாரும் பான் அட்டையும் போதும். செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். சரி, இந்தக் கவலை தீர்ந்தது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் போட்ட வரிக்கு வருகிறேன். ‘எழுதிக் கொடுத்திருக்கிறேன்’ என்கிறீர்கள். ‘திருத்திக் கொடுத்தேன்’ என்று எழுதவில்லை. 14 வருடம் புரூஃப் பார்த்தவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாதா? தெரிந்துதான் முன்னால் ‘பழக்கத்துக்காக’ என்று ஒரு சொல்லைப் போர்த்தி அனுப்பியிருக்கிறீர்கள். இப்படிப் போர்த்திய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், குறைதீர்க்கும் நாள் அன்று. வாசலில் மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டி வந்து பட்டா மாறவில்லை என்று அழும். அவர் சர்வே நம்பர் கேட்பார், எந்த வருஷம் என்று கேட்பார், எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டுவார். “அண்ணன் தம்பி தகராறையும் சேர்த்துக்கோ சாமி” என்று பாட்டி சொன்னால் சேர்ப்பார். கைநாட்டு விழும். எழுத்து அவருடையது, குறை பாட்டியுடையது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஏனென்றால் அந்த மனுவை வைத்துப் பாட்டிக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆய்வேட்டை வைத்துச் சோதிப்பதே அதைத்தான். அதற்குத்தான் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், அடுத்தவர் வேலையையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதைத்தான் எழுத்துத் திருட்டு என்கின்றன. மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் விட்டுவிடுவார்கள். 40ஐத் தாண்டினால் திருத்திக் கொடுக்கக்கூட ஓராண்டு தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ‘நானே சொந்தமாக எழுதியது, மென்பொருளில் சிக்காது’ என்று நினைப்பீர்கள். சிக்காதுதான். அது நகலைப் பிடிக்கும், எழுதிய கையைப் பிடிக்காது. ஆனால் ஆய்வேட்டின் முன்பக்கங்களில் ‘இது என் சொந்த உழைப்பு’ என்று கையெழுத்துப் போடப் போவது உங்கள் நாத்தனார் மகன். அப்புறம் அது ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறி, யாரும் எடுத்துப் படிக்கும்படி கிடக்கும். வாய்மொழித் தேர்வில் ஒருவர் எழுந்து, “ஆய்வுக்கு இந்த 120 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்பார். பதில் அத்தைக்குத் தெரியும். அத்தை திருச்சியில் குக்கர் வைத்துக்கொண்டிருப்பார்.

நாத்தனாருக்கு நீங்கள் பட்ட கடனை நான் மறுக்கவில்லை. சொந்தத்துக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நம்புகிற பழைய ஆள்தான் நானும். ஆனால் வாங்கியது பணம், பணமாகத் திருப்புங்கள். மாதம் 5,000 என்றால்கூட ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளையை வட்டியாகக் கட்டாதீர்கள். நாளை அவன் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்பான். அவர்களில் ஒருவன் அடுத்தவனைப் பார்த்து எழுதினால் எந்த முகத்தோடு கண்டிப்பான்?

உங்கள் கணவர் எங்கே? கடிதம் முழுக்கத் தேடினேன், ஆளைக் காணோம். அக்கா பிள்ளைக்கு அவர் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள மாமன் வேண்டும், “நீயே எழுதுடா” என்று சொல்ல மட்டும் மாமன் வேண்டாமா? அக்காவிடம் பேச வேண்டியது அவர்தான். நாத்தனாரோடு கசப்பு வந்தால் அது உங்கள் தலையில் விடியக் கூடாது.

அந்த நண்பர்கள் இருவர்? உங்கள் தொழில் யோசனையே அங்கேதான் முளைத்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆய்வேடு திருத்தலாம், தாராளமாகச் செய்யுங்கள். பிழை, வாக்கியக் குழப்பம், அட்டவணை எண், துணைநூற்பட்டியல் எல்லாம் உங்கள் வேலைதான். ஆனால் நெறியாளருக்குத் தெரிந்து நடக்கட்டும். வேர்டில், செய்த மாற்றங்களைத் தனியாகக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியைப் போட்டே திருத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் மாணவர் பார்த்து ஏற்கட்டும், பிடிக்காததைத் தள்ளட்டும். விலைப்பட்டியலில் முதல் வரியாக ‘எழுதித் தரப்படாது’ என்று போடுங்கள்.

கட்டணத்தைப் பக்கக் கணக்கில் வைக்காதீர்கள். 12 அளவு எழுத்தைப் பத்தாகச் சுருக்கி, வரி இடைவெளியை இறுக்கி அனுப்புவார்கள். சொல் கணக்கில் வையுங்கள். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நல்ல பிரதி, சுமார் பிரதி, மோசமான பிரதி மூன்றிலும் ஆயிரம் சொல் திருத்திப் பாருங்கள். மோசமானதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்து விலை போடுங்கள், வருவதில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். பாதிப் பணம் முன்பணம். இரண்டாம் சுற்றுக்குத் தனிக் கட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை பையனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய மூன்று இயல்களையும் மூடி வைத்துவிட்டு, “நீ என்னடா கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். தடுமாறுவான், தடுமாறட்டும். சொல்வதை அவனே எழுதட்டும், இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஆகட்டும். கெடு நெருங்கினால் நீட்டிப்புக் கேட்டு அவன்தான் நெறியாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் கொண்டுவருவதைத் திருத்தி, முறையாக ஒரு பில் போடுங்கள். நாத்தனாருக்கு முழுத் தள்ளுபடி என்று வேண்டுமானால் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பில்லின் தலையில் போட ஒரு பெயர் வேண்டுமே என்றால், இப்போதைக்கு உங்கள் பெயரே போதும்.